ஆராய்ச்சிக்கு மட்டும்

சூ லிங்யுன் கோபக்காரி. எங்கள் கம்பெனியில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கேன்டீன் சோற்றில் கல் கிடந்தால் தட்டோடு சமையலறைக்குள் போய் நிற்பாள். கம்பெனி பஸ் தாமதமாக வந்தால் பாதி வழி டிரைவரோடு சண்டை போடுவாள். மீதி வழி அவனுக்குச் சூரியகாந்தி விதை உரித்துக் கொடுத்துக்கொண்டு வருவாள். அவள் கோபம் அவ்வளவுதான், கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம்தான் அது தவறு என்று தெரிந்தது.

என் பெயர் யாவ். புரதத்தைச் சுத்தம் செய்யும் அறையில் வேலை பார்க்கிறேன். அவள் அடுத்த அறையில், பேக்கிங். சீனாவில், தைஜோ நகரின் தெற்கே, மருந்துக் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற பேட்டையில் எங்களுடையது சின்னது. நாங்கள் மருந்து செய்வதில்லை. மனித உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லப் பயன்படுகிற புரதங்களைச் செய்து ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விற்கிறோம். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, தொட்டியில் பெருக்கி, அது செய்து தருகிற புரதத்தைப் பிரித்து உலர்த்தி, சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கிறோம். குப்பியின் அடியில் உப்புப் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு தெரியும். அவ்வளவுதான் சரக்கு.

அதில் அதிகம் விற்பது வளர்ச்சிக் காரணி. செல்லிடம் போய் "வளரு, பெருகு" என்று சொல்வது அதன் வேலை. கண்ணாடித் தட்டில் செல் வளர்க்கிறவர்களுக்கு அது இல்லாமல் பிழைப்பு ஓடாது. நிறுத்தச் சொல்வது அதன் வேலை இல்லை. தட்டில் என்றால் வேண்டாதபோது தூக்கிப் போட்டுவிடலாம். அதற்கு எங்கள் கம்பெனியில் ஊதா நிற மூடி. அந்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவது லிங்யுன்.

லிங்யுனின் அக்கா ருய்ஹுவா, பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் மீன்சாறு நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். விலாங்கு எலும்பையும் சின்ன மீனையும் பொரித்துக் கொதிக்க வைத்து, பால் மாதிரி வெளுத்த சாறு. காலையில் கடை வாசலில் ஆள் நிற்க இடம் இருக்காது. கணவன் ஆற்றோரக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர்; வாரம் ஒருமுறை வருவான். ஒரே மகன் தேஷெங்குக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஷியாவென், பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள்.

கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் இருபது வருஷம் நின்றால் முகம் என்ன ஆகும்? ருய்ஹுவாவுக்குக் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. அவளுக்கு அது உறைத்ததே இல்லை. உறைக்க வைத்தவள் சம்பந்தி தோங் பெய்லி.

"கல்யாண போட்டோ வாழ்நாளைக்கும் இருக்கும் சம்பந்தி. நீங்க எனக்கு அம்மா மாதிரி தெரியக் கூடாதில்ல?" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, தான் போகிற அழகு நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி. டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. எல்லோரும் அவளை வான்னி டீச்சர் என்று கூப்பிட்டார்கள். ருய்ஹுவாவின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, "வெளிநாட்டு விட்டமின் அக்கா. உங்க தோலுக்குச் சாப்பாடு," என்று சொல்லி, முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வைத்து ஒரு போட்டோவும் எடுத்தாள். பிறகு கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் ஊசி.

முதல் மாதம் முகம் பொலிவாகத்தான் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்தார்கள். "என்ன ருய்ஹுவா, கல்யாணம் உனக்கா உன் பையனுக்கா?" அவளும் வெட்கத்தோடு கரண்டியை ஓங்கினாள்.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கெட்டியாக மேடு தட்டியது. இடது கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று, பிறகு அது நெல்லிக்காய் ஆனது. தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது. வான்னி டீச்சரிடம் ஓடினாள். "உங்க உடம்பு வாகு அப்படி. மசாஜ் பண்ணுங்க, கரைஞ்சிடும்," என்று அனுப்பிவிட்டாள். ருய்ஹுவா முகக்கவசம் மாட்டிக்கொண்டு கடை நடத்த ஆரம்பித்தாள். சளி என்று சொல்லிக்கொண்டாள்.

இது தெரிந்தவுடன் லிங்யுன் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார்.

"உள்ளே என்ன போட்டாங்க?"

"விட்டமின்னு சொன்னாங்க டாக்டர்," என்றாள் ருய்ஹுவா.

"விட்டமின் இப்படி வளராதும்மா. பேர் தெரியாம நான் என்ன பண்றது? பாட்டில் எதாவது பாத்தீங்களா?"

அப்போதுதான் அந்தப் போட்டோ ஞாபகம் வந்து போனை எடுத்து நீட்டினாள். லிங்யுனும் எட்டிப் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் ஊதா மூடி போட்ட குப்பி. லேபிளில் அலை மாதிரி நீலக் கோடு.

அது எங்கள் கம்பெனியின் கோடு. லிங்யுன் தன் கையால் ஒட்டியது.

டாக்டர் போட்டோவைப் பெரிதாக்கி லேபிளை வாசித்தார். வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இது வளர்ச்சிக் காரணி. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. வளர்றது அடங்கினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுக்கலாம். முழுசா வராது. மறுபடியும் வளராதுன்னும் நான் சத்தியம் பண்ண முடியாது."

மறுநாள் பஸ்ஸில் லிங்யுன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விதைப் பொட்டலம் இல்லை. பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து என் மடியில் வைத்தாள். எங்கள் லேபிள் முழுக்க ஆங்கிலம். வெளிநாட்டுக்கும் போகிற சரக்கு. உள்ளூரிலும் ஆங்கிலம் இருந்தால்தான் தரம் என்று நம்புவார்கள் என்பது முதலாளியின் கணக்கு.

"யாவ், கீழ எறும்பு மாதிரி ஒரு வரி இருக்கே. அது என்ன?"

நான் வாசித்துச் சொன்னேன். "ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது."

அவள் லேபிளை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "ஆறு வருஷமா ஒட்றேன். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல நீ?"

"நீ கேக்கவே இல்லையே லிங்யுன்."

"கேக்கணுமாக்கும்! படிச்சவங்ககிட்ட எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கணும், இல்ல?" என்று எழுந்தவள், பாலத்துக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். மீதி தூரம் நடந்தே வந்தாள். வந்து கையுறை போட்டுக்கொண்டு அன்றைக்கு ஊதா மூடி ஒன்றையும் தொடவில்லை. "வேற கலர் குடு," என்று மட்டும் சொன்னாள்.

ஊதா மூடிப் பெட்டிகள் உள்ளூரிலேயே ஒரு முகவரிக்கு அடிக்கடி போவது அவளுக்குத் தெரியும். ஏதோ செல் ஆராய்ச்சி மையம் என்று பெயர். சனிக்கிழமை அவள் அந்த முகவரிக்குப் போனாள். கீழே நகப்பூச்சுக் கடை. மேலே கண்ணாடிக் கதவு, செயற்கைப் பூக்கள், காத்திருக்க வெல்வெட் சோபா. அக்காவைக் கூட்டிக்கொண்டு போன அதே அழகு நிலையம்.

வான்னி டீச்சர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தாள். "வாங்க அக்கா, நெத்திச் சுருக்கமா?"

"எங்க அக்கா பேரு ருய்ஹுவா. நூடுல்ஸ் கடை. அவ முகத்துல நீ என்ன போட்ட?"

சிரிப்பு போயிற்று. "அவங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டோம், ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி—"

"பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சியா நீ?"

"இங்கிலீஷ்ல என்னென்னமோ எழுதுவான் வெளிநாட்டுக்காரன். அதெல்லாம் நம்ம பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"வெளிநாடா? அது இங்கிருந்து மூணாவது பஸ் ஸ்டாப்புடி! நான்தான் ஒட்றேன் அதை!"

சோபாவில் காத்திருந்த பெண்கள் எழுந்துகொண்டார்கள். உதவிக்கு நின்ற இரண்டு பெண்கள் லிங்யுனைப் பிடித்துப் படிவரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய சட்டைத் தோள் கிழிந்தது. படியிலிருந்தே கத்தினாள், சோபாவில் இருந்தவர்களைப் பார்த்து: "எலிக்குக்கூட யோசிச்சுப் போடற சாமான் இது. ஓடுங்க!" ஒருத்திதான் போனாள். மற்றவர்கள் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நேராக விற்பனை மேனேஜர் பியன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பியன் நிதானமான ஆள். தேநீர்க் குடுவையைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார். "லேபிள்ல எழுதியிருக்கு லிங்யுன். வேற என்ன பண்ணச் சொல்ற? கத்தி விக்கிறவன், வாங்கறவன் காயத்தான் நறுக்கறானான்னு வீடு வீடா போயா பாப்பான்?"

"எழுதியிருக்கு, எழுதியிருக்கு. யாருக்குப் புரியறதுக்கு எழுதியிருக்கு? எங்கக்கா அதைக் கையில பிடிச்சுக்கிட்டு சிரிக்கறா மேனேஜரே! விஷத்தைக் கையில குடுத்து போட்டோ எடுத்திருக்காங்க, அவளுக்குத் தெரியல!"

"கத்தாத. உங்கக்காவுக்காக வருத்தப்படறேன். ஆனா வாங்கறது ஆராய்ச்சி மையம்னு பதிவு பண்ணியிருக்காங்க."

"நகப்பூச்சுக் கடைக்கு மேல ஆராய்ச்சியா? பெரிய யுனிவர்சிட்டி வருஷத்துக்கு வாங்கறதை இவ மாசத்துக்கு வாங்கறா. உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

பியன் குடுவையை வைத்தார். "பணம் ஒழுங்கா வருது," என்றார். அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வந்ததை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு ஆர்டரை எடுத்திருக்கிறார். அந்த வெள்ளைப் பூச்சை நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்கிறேன்! ஒரு துளி அழுக்கு இருந்தால் செல் செத்துப்போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறோம். அதை ஒருத்தி எங்கேயோ சோபாவுக்குப் பின்னால் உப்புத் தண்ணீரில் கரைத்து, ஒரு பெண்ணின் கண்ணுக்குக் கீழே ஏற்றுகிறாள்.

"நாங்க பாத்துக்கறோம். நீ வேலையைப் பாரு," என்றார் பியன் கடைசியில். அடுத்த வாரமும் அந்த முகவரிக்கு ஊதா மூடிப் பெட்டி கட்டச் சொல்லி வந்தது.

லிங்யுன் தன் அக்காவின் கடைக்கு ஓடினாள். மதியம், கடையில் ஆள் இல்லை. ருய்ஹுவா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. சுகாதார ஆபீஸ்ல புகார் குடுப்போம். உன் முகத்தைக் காட்டினா போதும்."

"மாட்டேன்."

"என்னது?"

"பெய்லி கூட்டிட்டுப் போன எடம் அது. ஆள் கூட்டிட்டு வந்தா அவளுக்கு இலவசமாப் போடுவாங்களாம். நான் புகார் குடுத்தா அவ பேரும் வரும். பையன் கல்யாணம் என்ன ஆகறது?"

"உன் மூஞ்சி என்ன ஆகறதுக்கா?"

"எம்மூஞ்சி எப்படியோ போகட்டும்!"

"எப்படியோ போகட்டுமா? மாடா நீ? சூடு போட்டா வாங்கிக்கிட்டு நிக்கறதுக்கு!"

ருய்ஹுவா கிண்ணத்தை வாளியில் போட்டாள். தண்ணீர் இரண்டு பேர் மேலும் தெறித்தது. "என்கிட்ட எகிறாத. நீ ஒட்டின லேபிள்தானே? நீ கட்டின பெட்டிதானே? அதுல வந்த சம்பளத்துல எனக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக் குடுத்தியே! போ இங்கிருந்து. உன்னைப் பாத்தாலே எனக்கு எரியுது."

லிங்யுன் போய்விட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் அவள் பஸ்ஸில் வரவில்லை. சுகாதார ஆபீஸுக்குப் போயிருந்தாள்.

அக்காவின் பெயரை அவள் சொல்லவில்லை. சம்பந்தி பெயரையும் சொல்லவில்லை. தன் பெயரைச் சொன்னாள். "நான் இந்தக் கம்பெனியில பேக்கிங் பண்றவ. மனுஷனுக்குப் போடக் கூடாத சாமானை இந்த முகவரிக்கு நான் கையால கட்டி அனுப்பியிருக்கேன். அங்க அதை மனுஷன் முகத்துல குத்தறாங்க. என் கம்பெனிக்கும் தெரியும். என்னையும் சேத்து விசாரிங்க." கவுன்டரில் இருந்தவன் இன்னொரு மாடிக்குப் போகச் சொல்லியிருக்கிறான். அந்த மாடியில் வேறொரு கட்டடத்தைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டு நேரம் என்றிருக்கிறார்கள். அவள் அந்த வாசலிலேயே நின்று, சாப்பிடப் போகிற ஒவ்வொருவரையும் மறித்து அதையே சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஓர் அதிகாரியம்மா கையிலிருந்த சோற்றுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். அந்த அழகு நிலையத்தைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே சில புகார்கள் வந்திருந்தன. என்ன மருந்து என்று மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

ஆய்வாளர்கள் போனபோது வான்னி டீச்சர் ஒருத்திக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பால், தயிர், முகப்பூச்சு எல்லாம் இருந்த குளிர்பெட்டியின் கதவில் எங்கள் ஊதா மூடிகள். அன்றே சீல் வைத்தார்கள். மறுநாள் எங்கள் கம்பெனிக்கும் வந்தார்கள். பியனின் தேநீர் அன்றைக்கு ஆறியே கிடந்தது.

அழகு நிலையத்துக் கணக்கு நோட்டில் பெய்லியின் பெயரும் இருந்தது. செய்தி அவளுக்குப் போகாமல் இருக்குமா? மூன்றாம் நாள் காலை, நூடுல்ஸ் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் வந்து நின்றாள். நான் அன்று சாப்பிடப் போயிருந்தேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

"உன் தங்கச்சி என்ன வேலை பண்ணியிருக்கா தெரியுமா? என்னை ஆபீஸ்ல கூப்பிட்டு வெச்சுக் கேக்கறாங்க, நீ எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போனேன்னு! குடும்பமா இது? இந்தக் கல்யாணம் நடக்குமான்னு யோசிச்சுக்கோ!"

ருய்ஹுவா அண்டாவுக்குப் பின்னால் நின்றாள். கரண்டியை மெதுவாக ஓரமாக வைத்தாள். பிறகு காதிலிருந்து முகக்கவசத்தை அவிழ்த்தாள்.

வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"நல்லாப் பாரு சம்பந்தி," என்றாள் ருய்ஹுவா. சத்தம் போடவில்லை. "உனக்கு அம்மா மாதிரி தெரியக் கூடாதுன்னு சொன்னியே. இப்ப எப்படித் தெரியறேன்? பேய் மாதிரி இல்ல? இவ்வளவு நாளா வாயை மூடிக்கிட்டு நின்னேன். யாருக்காக? உன் பொண்ணு என் வீட்டுக்கு வர்றப்ப மனஸ்தாபம் இருக்கக் கூடாதுன்னு. நீ ஒரு தடவையாவது வந்து, 'வலிக்குதா'ன்னு கேட்டியா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? எனக்குப் போட்டாங்க, ஒண்ணும் ஆகலையே..."

"உனக்கு ஆகல. அதனால என்னை வித்துட்டு இலவசமாப் போட்டுக்கிட்ட. என் தங்கச்சியைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசின, இந்த அண்டாவைத் தூக்கி ஊத்திடுவேன். போ! கல்யாணத்தைப் பத்திப் பிள்ளைங்க பேசிக்கட்டும்!"

பெய்லி போன பிறகும் ருய்ஹுவா முகக்கவசத்தை மாட்டவில்லை. வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், "எனக்கு ரெண்டு கிண்ணம், வெங்காயத்தாள் நெறைய," என்றார். அவள் அள்ளி ஊற்ற ஆரம்பித்தாள். கண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. துடைக்காமல் ஊற்றினாள்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. ஷியாவென் தன் அம்மாவோடு பெரிய சண்டை போட்டாள் என்று தேஷெங் சொன்னான். இருவரும் போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். மண்டபத்தில் விருந்து வைக்கவில்லை. நூடுல்ஸ் கடையில் நான்கு மேஜையைச் சேர்த்துப் போட்டு, ஆவியில் வெந்த நண்டும் கொழுப்புப் பன்றிக்கறியும் வைத்துச் சாப்பிட்டோம். பெய்லி வந்து ஓரமாக உட்கார்ந்து, கறியைத் தொடாமல் போனாள். போட்டோ எடுத்தார்கள். ருய்ஹுவா நடுவில் நின்றாள்.

அக்காவும் தங்கையும் சமாதானம் ஆனார்களா என்று கேட்டால், ஆனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் லிங்யுன் எடுத்துக் கொடுத்த அந்தக் கம்பளிச் சட்டையை ருய்ஹுவா அப்புறம் போட்டு நான் பார்க்கவில்லை.

வான்னி டீச்சருக்குத் தண்டனை கிடைத்தது. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்கு. சின்னத் தண்டனை, வெளியே வந்துவிட்டாள். பக்கத்து ஜில்லாவில் வேறு பெயரில் கடை போட்டிருக்கிறாள் என்று கேள்விப்படுகிறோம். ருய்ஹுவாவுக்கு இரண்டு தடவை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இடது பக்கத்தில் எடுத்த இடத்திலேயே மறுபடி தடிப்பு தெரிகிறது. அவள் முகத்துக்குப் போட்ட தண்டனைக்கு முடிவு தேதி எந்தக் கோர்ட்டு சொல்லும்? இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

எங்கள் கம்பெனிக்கு அபராதம் விழுந்தது. லிங்யுனை வேலையை விட்டுத் தூக்கத்தான் முதலாளி நினைத்தார். ஆய்வாளர்கள் வந்துபோய்க்கொண்டிருந்ததால் முடியவில்லை. புது ஆட்கள் வாங்க வந்தால் விசாரித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தபோது, "அவளையே போன்ல உக்கார வை, அப்பவாவது பேக்கிங் அறை அமைதியா இருக்கும்," என்று யாரோ எரிச்சலில் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. லேபிளும் மாறியது. கீழ் வரி இப்போது மேலே, சிவப்பில், நம் சீன எழுத்தில்.

இப்போது அவள் பியனின் அறைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ஏதோ ஒரு "செல் மையம்" கூப்பிட்டது.

"என்ன செல் வளக்கறீங்க?" என்றாள் லிங்யுன்.

அந்தப் பக்கம் ஏதோ இழுத்தார்கள்.

"உங்க ஆராய்ச்சியாளர்கிட்ட போனைக் குடுங்க... இல்லையா? செல் வளக்கற பெட்டி எந்தக் கம்பெனி? ...சொல்லத் தெரியல. சரி, யாரு முகத்துல போடப் போறீங்க, அதையாவது சொல்லுங்க."

போன் துண்டிக்கப்பட்டது. பியன் தன் அறையிலிருந்து தலையை நீட்டி, "இந்த மாசம் இதோட எத்தனை ஆர்டர் போச்சு தெரியுமா?" என்றார்.

"போகட்டும்," என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அடுத்த எண்ணை எடுத்து அழுத்தினாள்.